புதிய தகவல் ஏதும் இல்லை

ரயில் சுரங்கத்துக்குள் நின்றுபோனால் பயணிகளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதித் தருவதுதான் ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த வேலை. எந்த நகரத்தின் பாதாள ரயில் என்று வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த ரயிலில் நான் ஏறியதும் இல்லை. புதுச்சேரியில் பாதாள ரயில் கிடையாது. மேலே ஓடும் ரயிலே எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான். ரெட்டியார்பாளையத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, பூமிக்கு அடியில் மாட்டிக்கொள்ளப்போகிறவர்களுக்காக எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு நிறுவனம் இந்த வேலையை எடுத்து என்னிடம் தள்ளியிருந்தது. அவர்கள் அனுப்பிய அட்டவணையில் இடப்பக்கம் ஆங்கில வாக்கியங்கள். வலப்பக்கம் எனக்கான வெற்றுக் கட்டங்கள். சிக்னல் கோளாறு, மின்தடை, கதவு மூடவில்லை, பயணிக்கு உடல்நலக்குறைவு, தண்டவாளத்தில் ஆள், புகை, ரயிலை விட்டு இறங்கி நடக்க வேண்டிய நிலை என்று ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் முதல் அறிவிப்பு, இரண்டாவது அறிவிப்பு, முடிவு அறிவிப்பு. ஒரு பெண் இவற்றை ஸ்டூடியோவில் வாசித்துப் பதிவு செய்வார். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால் ரயிலுக்குள் அவர் குரல் கேட்கும்.

நான் முப்பது வருடம் ஒரு தமிழ் நாளிதழில் செய்தி மேசையில் இருந்தவன். என் வேலை வெட்டுவது. நிருபர் நாலு பத்தி எழுதினால் ஒன்றரைப் பத்தியில் நிற்கும். அந்தப் பழக்கத்தோடுதான் இந்த அட்டவணையையும் திறந்தேன். ஒவ்வொரு பகுதியிலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: புதிய தகவல் ஏதும் இல்லை, மூன்று நிமிடங்களில் மீண்டும் பேசுகிறோம். எண்ணிப் பார்த்தேன். பதினொரு இடத்தில் இருந்தது. எங்கள் மேசையில் புதிதாக ஒன்றும் நடக்கவில்லையென்றால் செய்தி போடமாட்டோம். முந்தின நாள் போட்டதை மறுபடி போட்டவனை ஆசிரியர் கூப்பிட்டு நிற்கவைப்பார். பதினொரு கட்டங்களுக்கும் சிவப்பு வண்ணம் அடித்து, ‘செய்தி இல்லை. நீக்கலாம்’ என்று குறிப்பு எழுதி அனுப்பினேன்.

நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் அன்று மாலையே பேசினார். சிறு வயதுப் பெண். எப்போதும் எங்கேயோ நடந்துகொண்டேதான் பேசுவார்.

“சூப்பர் சார். ஸ்டூடியோ டைம் எவ்ளோ மிச்சம் தெரியுமா? கிளையண்ட்டும் ஓகே சொல்லிட்டாங்க.”

எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்த வயதில் வேலை பற்றி யாராவது சூப்பர் என்று சொன்னால் அன்றைக்கு இன்னொரு காபி குடிக்கலாம்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் நின்றது. உள்ளே என் மனைவி இருந்தாள்.

அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. லிஃப்ட் இருக்கிறது என்பதால்தான் நான்காவது மாடியை வாங்கினோம். தினமும் காலைப் பூசைக்குப் போவாள்; திரும்பும்போது காய் வாங்கி வருவாள்; ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுப்பாள். நான் வீட்டுக்குள்ளேயே கிடப்பவன். எங்கள் இருவருக்குமாகச் சேர்த்து வெளியுலகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவள் அவள்.

அன்று எட்டு மணி தாண்டி மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன் செய்துவிட்டுக் காவலாளி படியில் நின்று கத்தியதைக் கேட்டு இறங்கி ஓடினேன். லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. மூன்றாவது மாடிக் கதவில் வாயை வைத்துக் கூப்பிட்டேன்.

“ஏங்க, நின்னு போச்சுங்க” என்றது அவள் குரல், காலுக்குக் கீழேயிருந்து.

“கரண்ட் போயிருக்கு. ஜெனரேட்டர் எடுக்கல. மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு, வந்துக்கிட்டு இருக்காரு.”

“எத்தினி நேரம் ஆவும்?”

“கொஞ்ச நேரம்.”

“உள்ள கும்மிருட்டா இருக்கு. மணிய அழுத்தறேன், அடிக்கவே இல்ல.”

“எதையும் தொடாத. அப்படியே நில்லு.”

காரணம், நடவடிக்கை, செய்யக்கூடாதது. என் அட்டவணையின் முதல் அறிவிப்பில் என்னென்ன இருக்க வேண்டுமோ அத்தனையும் சொல்லிவிட்டேன். படிக்கட்டில் செல்போன் சிக்னல் கிடைக்காது. கீழே இறங்கி கேட்டருகே போய் நின்றேன். அவள் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

மெக்கானிக் அரியாங்குப்பத்திலிருந்து வர வேண்டும். முதல் தடவை கூப்பிட்டபோது கிளம்பிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை, பாலத்தில் வண்டிகள் நகரவில்லை என்றார். மூன்றாவது தடவை எடுக்கவில்லை. நான்காவது தடவை, “சார், நீங்க போன் பண்ணப் பண்ண நான் வண்டிய ஓரங்கட்ட வேண்டியிருக்கு” என்றார். அதன் பிறகு நான் கூப்பிடவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே போய் அவளிடம் ஏதாவது சொல்லலாமா என்று ஒரு தடவை தோன்றியது. சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நின்றுவிட்டேன். மெக்கானிக் வந்தால் அவரை அழைத்துக்கொண்டே போகலாம், அதுதான் தகவல், என்று நினைத்தேன். அரை மணி நேரம் அப்படி நின்றிருக்கிறேன்.

காவலாளி வந்து தோளைத் தொட்டார். “சார், மூணாவது மாடி சாரு உங்களக் கூட்டியாரச் சொன்னாரு. லிஃப்டுக்குள்ள ஏதோ கர்ரு கர்ருன்னு சத்தம் கேட்டுச்சாம்.”

மூன்றாவது மாடிக்காரர் பிரான்சில் பாதாள ரயிலில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். முதலில் ஓட்டுநர், பிறகு கட்டுப்பாட்டு அறை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், இந்த அட்டவணை பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவருக்கு ரயில் தெரியும், எனக்கு மொழி தெரியும், இது மொழி வேலை என்று வைத்திருந்தேன்.

நான் ஏறிப் போனபோது அவர் லுங்கியோடு, லிஃப்ட் கதவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார்.

“தங்கச்சி, மணி எட்டு நாப்பத்தி ஒண்ணு. புதுசா ஒண்ணும் இல்ல. மெக்கானிக் இன்னும் வரல. எட்டு நாப்பத்தி நாலுக்கு மறுபடி பேசறேன். கொடையக் கீழ வெச்சாச்சா?”

“வெச்சிட்டேன் அண்ணே.”

நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“ரெண்டு கொரல் வேணாம் முசியே. ஒண்ணு போதும்” என்றார் தணிந்த குரலில். பிரெஞ்சுப் பழக்கத்தில் எந்த சாரும் அவருக்கு முசியேதான்.

பிறகு மூன்று நிமிடம் ஒன்றுமே பேசவில்லை. ஆறுதல் சொல்லவில்லை, பயப்படாதே என்றுகூடச் சொல்லவில்லை. எட்டு நாற்பத்து நான்குக்கு மறுபடி அதையே சொன்னார். புதிதாக ஒன்றும் இல்லை. எட்டு நாற்பத்தேழுக்குப் பேசுகிறேன்.

உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்: “கரெக்டா வரீங்கண்ணே. பத்து ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடிக்கறேன், உங்க கொரலு கேக்குது.”

“அப்படியே எனக்கும் சேத்துச் சொல்லிடும்மா. நான் கோயில் பக்கம் போயி நாளாச்சு.”

அவள் சிரித்தாள். கதவுக்கு இந்தப்பக்கம் நின்ற எனக்கு அந்தச் சிரிப்பு கேட்டது.

மெக்கானிக் ஒன்பது மணி சுமாருக்கு வந்தார். மொட்டைமாடிக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மூன்றாவது மாடிக்கு ஏற்றினார். கதவு திறந்தபோது அவள் புடவை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. வெயிலுக்கு எடுத்துப்போகும் குடையின் முனை வளைந்திருந்தது. அந்த முனையைக் கதவிடுக்கில் செருகி நெம்பி, உட்கதவை ஒரு சாண் அகலத்துக்குத் திறந்திருக்கிறாள். எதிரே சிமெண்ட் சுவர், காலடியில் இரண்டாவது மாடியின் வெளிச்சம் கொஞ்சம். அந்த வெளிச்சம் வழியாக இறங்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். அந்தச் சத்தத்தைத்தான் மூன்றாவது மாடிக்காரர் கேட்டிருக்கிறார்.

மெக்கானிக் அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, “இதுல எறங்கியிருந்தா கால் வெக்க எடமில்லம்மா. நேரா குழிதான்” என்றார்.

அவள் மூன்றாவது மாடிக்காரரைக் கும்பிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த ஒரு மாடியைப் படியில் ஏறிப்போனாள்.

அதற்குப் பிறகு அவள் லிஃப்டில் கால் வைக்கவில்லை. முதல் வாரம் பூசைக்குப் படியிலேயே இறங்கினாள்: பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. ஏறி வந்ததும் முட்டியில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்கினாள். மூன்றாவது வாரம் அதுவும் இல்லை. கோயிலிலிருந்து ஒரு பிள்ளையின் அம்மா போன் செய்து டீச்சர் ஏன் வரவில்லை என்று கேட்டார். முட்டி வலி என்றாள். பால்கனியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்கி மீன் வாங்க ஆரம்பித்தாள். தராசைக் கிட்டே நின்று பார்க்க முடியாததால் மீன்காரம்மாவோடு தினமும் சண்டை. “நாலாவது மாடியிலேந்து கண்ணு தெரியுதா ஒனக்கு?” என்று அந்த அம்மா தெருவே கேட்கும்படி கத்துவார். இவளுக்கு அந்த நாட்களில் இருந்த ஒரே வெளிப்பேச்சு அதுதான்.

நான் அவளுக்கு விவரங்கள் சொன்னேன். ஜெனரேட்டர் பழுது பார்த்தாகிவிட்டது. மணிக்குப் புது பேட்டரி போட்டாகிவிட்டது. லிஃப்டுக்குள் எமர்ஜென்சி விளக்கு வைத்தாகிவிட்டது. மெக்கானிக்கின் எண் உள்ளே ஒட்டியிருக்கிறது. அதோடு, லாஸ்பேட்டையில் இருக்கும் இன்னொரு மெக்கானிக்கின் எண்ணும், பாலம் தாண்ட வேண்டாம் என்பதற்காக. அவள் அரசாங்க அறிவிப்பைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, “சரி” என்றாள். அடுத்த நாளும் கீழே போகவில்லை.

எனக்கு அலுப்பாக இருந்தது. சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொன்ன பிறகும் ஒன்றும் நடக்காதபோது வரும் அலுப்பு. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன்.

அட்டவணையை அவரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, சிவப்புக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இத எடுத்த மகாராசன் யாரு?”

“நான்தாண்ணே.”

“அதான பாத்தேன். பத்திரிகைக்காரன் வேல.”

“ஒரே விஷயத்தத் திருப்பித் திருப்பிச் சொன்னா ஜனங்களுக்கு எரிச்சல் வராதா?”

“வரட்டும். எரிச்சல் வந்தவன் ஒக்காந்த எடத்துலயே திட்டுவான். ஒண்ணும் கேக்காதவன்தான் எழுந்து கதவத் தொறப்பான். அங்க கரண்டு கீழ தண்டவாளத்துப் பக்கத்துலயே ஓடுது. ஒருத்தன் எறங்கினாலும் கரண்ட நிறுத்தணும். நிறுத்தினா பின்னாடி வர ரயிலெல்லாம் சுரங்கத்துலயே நிக்கும். நடைமேடையில நிக்க வேண்டிய ரயிலு இருட்டுல நிக்கும்.”

“அப்ப எப்ப கெளம்பும்னு சொல்லிடலாமே?”

“ஒனக்குத் தெரியுமா எப்ப கெளம்பும்னு?”

“தெரியாது.”

“தெரியாதத ஏன் சொல்ற? நீ மறுபடி எப்ப பேசுவேன்னு சொல்லு. அது ஒண்ணுதான் ஒன் கையில இருக்கு.”

அவரும் ஒரு நாள் தவறவிட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே சொன்னார். ஒரு ரயில் சுரங்கத்தில் நின்றது. மேலதிகாரி ஒருவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஏழு நிமிடம் ரயிலுக்குள் யாரும் பேசவில்லை. இரண்டு பயணிகள் கதவை நெம்பி இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் வந்த ஆறு ரயில்கள் சுரங்கத்துக்குள் நின்றன. அடுத்த நாளிலிருந்து ஓய்வுபெறும் வரைக்கும், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாராம்.

“அன்பு கின்பு ஒண்ணும் இல்ல. எல்லாரும் ஒக்காந்த எடத்துலயே இருக்கணும், அவ்ளோதான்” என்றார். பிறகு உள்ளே திரும்பிக் காபிக்குச் சொன்னார்.

அன்றே ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டு, அந்தப் பதினொரு வரிகளையும் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் நடப்பதை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது.

“சார், அத எடுக்கச் சொன்னதே நீங்கதானே?”

“நான்தான். தப்பு.”

“ரெக்கார்டிங் முடிஞ்சிடுச்சு சார். அந்த மேடம் வேற ஊருக்குப் போயிட்டாங்க.”

“ஒரே வரிதானே. ஒரு தடவை பேசினா பதினொரு இடத்துலயும் போட்டுக்கலாம்.”

“சார், அப்ரூவல் மறுபடியும் முதல்லேந்து வரணும். நாலு பேரு கையெழுத்து.”

பத்திரிகையில் தவறு நடந்தால் மறுநாள் ஐந்தாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் திருத்தம் போட்டுவிட்டுப் போய்விடுவோம். இங்கே திருத்தம் போட ஐந்தாம் பக்கம் இல்லை. மூன்று மின்னஞ்சல் எழுதினேன். முதலாவதற்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு நன்றி என்று வந்தது. மூன்றாவதில் வேண்டுமென்றே உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பயணி குடையால் கதவை நெம்பியதை எழுதினேன். அது லிஃப்ட் என்பதையும் மறைக்கவில்லை. அதற்கு அவரே போன் செய்தார்.

“சார், உள்ள இருந்தது உங்க வீட்டம்மாவா?”

“ஆமா.”

“பதிவு இப்ப முடியாது சார். கட்டுப்பாட்டு அறையில லைவா பேசறவங்களுக்கு மேசையில ஒட்டற மாதிரி ஒரு அட்டை அடிச்சுக் குடுக்கலாம். வாசகம் நீங்க எழுதிக் குடுங்க. ஒட்டுவாங்களான்னு நான் சொல்ல முடியாது.”

சரி என்றேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு மேசையில் அந்த அட்டைக்கான வாசகத்தை எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே என் மனைவி அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று வரிதான். எழுதி அடித்து எழுதிக்கொண்டிருந்தேன். அவள் காயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நான் உள்ள நின்னப்ப நீங்க எங்க போனீங்க?”

“கீழதான். கேட்டுப் பக்கத்துல. மேல சிக்னல் இல்ல, மெக்கானிக்கக் கூப்பிடணும்ல?”

“கீழ போறேன்னு சொல்லவே இல்லியே.”

நான் யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

“ரெண்டு தடவ கூப்பிட்டேன். அப்பறம் மூணாவது தடவ. பதிலே இல்ல. நீங்க மேல வீட்டுக்குப் போயி கம்ப்யூட்டர்ல ஒக்காந்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

“அப்படிப் போவேனா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“வந்து சொல்றதுக்குப் புதுசா ஒண்ணும் இல்லடி. அதான் வரல.”

அவள் அவரைக்காயைக் கீழே வைத்தாள். “அதையே வந்து சொல்லியிருக்கலாம்ல?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. மெக்கானிக், பாலம், சிக்னல், காவலாளி எல்லாம் வரிசையாக வந்தன. எல்லாமே உண்மையான தகவல்கள். நாலு வார்த்தை சொல்லித் தொடங்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

“சொல்லியிருக்கணும். எம்மேலதான் தப்பு” என்றேன்.

அவள் மறுபடி காயை எடுத்தாள். நானும் வேலையைத் தொடர்ந்தேன். அட்டையில் நான்காவதாக ஒரு வரி சேர்த்தேன்: இருக்கையை விட்டு எழுவதாக இருந்தால் அதைப் பயணிகளிடம் சொல்லிவிட்டு எழவும். மாலையில் அனுப்பினேன். இன்று வரை அது எந்த மேசையிலாவது ஒட்டப்பட்டிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் மறைக்கல்விப் புத்தகங்கள் இருந்த பையோடு வாசலில் நின்றாள். புதுக் குடை ஒன்று கையில் இருந்தது.

“சட்டய மாட்டிக்கிட்டு வாங்க.”

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். அவள் லிஃப்டின் பொத்தானை அழுத்தியிருந்தாள். அது இரைச்சலோடு ஏறி வந்து நின்று திறந்தது. அவள் ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே காலை வைத்தேன்.

“நீங்க எங்க வரீங்க?” என்று குடையால் தடுத்தாள். “படியில எறங்குங்க. ரெண்டு பேரும் உள்ள மாட்டிக்கிட்டா வெளிய நின்னு பேச ஆளு வேணாமா?”

கதவு மூடிக்கொண்டது. நான் படியில் இறங்கினேன். மூன்றாவது மாடிக் கதவருகே லிஃப்டின் சத்தம் என்னைத் தாண்டிக் கீழே போனது. எனக்கும் இப்போது முட்டி வலிக்கிறது; வேகமாக இறங்க முடியவில்லை. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினேன்.

“ரெண்டாவது மாடியில இருக்கேன். புதுசா ஒண்ணும் இல்ல.”

“தெரியுது” என்றாள் கீழேயிருந்து. “எறங்குங்க.”